உப்பில்லாச் சோறு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் ஆண்டு ஐப்பசியில் கருப்பம்மாவின் முகம் வீங்கத் தொடங்கியது. காலையில் கண்ணைத் திறக்க முடியாதபடி இமைகள் உப்பிக் கிடக்கும். மாலையில் முகம் வடிந்து கால் வீங்கும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். இலங்கை மலையகத்தில், தெமோதரைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பதில் அவளை முந்த ஆளில்லை. இப்போதோ பாதி ஏற்றத்திலேயே மூச்சு வாங்கியது.

புருஷன் கந்தப்பன் அவளைக் கூலியாட்களின் வரிசை வீடான லயத்திலிருந்து தோட்டத்து மருந்துச்சாலைக்குக் கூட்டிப் போனான். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றான். உள்ளே மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் நாற்காலியை விட்டு எழவில்லை. அவள் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"ரத்தம் கம்மி. கருவாடு நல்லாத் தின்னச் சொல்லு. கஞ்சில உப்பு தூக்கலாப் போட்டுக் குடு. வீக்கம்னு லயத்துல படுத்துக்கிட்டா அன்னிக்குப் பேர் விழாது, சம்பளமும் கெடையாது, சொல்லிட்டேன்."

"சாயத்தண்ணி மாதிரி மூத்திரம் போகுதுங்க," என்றாள் கருப்பம்மா.

டிஸ்பென்சர் சிரித்தார். "தேயிலைக்குள்ளயே கெடக்குறவளுக்கு வேற என்ன நெறத்துல போகும்?"

கந்தப்பனுக்கு அவர் சொன்னது வேதவாக்கு. பதுளைக் கடைவீதியில் புஹாரி நானாவின் கடைக்குப் போய் நல்ல கருவாடாகப் பொறுக்கி வாங்கி வந்தான். தானே சுட்டு, முள் எடுத்து, அவளுக்கு ஊட்டினான். அவள் தாகத்தில் தவித்தாள். வயிறும் வீங்கியது. "தின்னு புள்ள, தின்னாத்தான் தேறும்," என்று இன்னும் ஒரு வாய் திணித்தான்.

தை மாதம் ஒருநாள், கொழுந்துக் கூடையோடு மலையிலேயே சுருண்டு விழுந்தாள். கொழுந்து லொறியில் போட்டுப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே இருந்த டாக்டர் ஜெயரட்ணம் யாழ்ப்பாணத்துக்காரர். அவளுடைய சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சூடாக்கினார். அது முட்டை வெள்ளைபோலத் திரண்டது.

"உங்கட சிறுநீரகம் பழுதாப் போயிருக்கு அம்மா. உடம்பில சேருற உப்பையும் தண்ணியையும் அதால வெளியில தள்ள ஏலாமக் கிடக்கு. அதுதான் இந்த வீக்கம். இவ்வளவு நாளும் என்ன சாப்பிட்டனீங்கள்?"

"கருவாடுங்க. கஞ்சியும் உப்பும்."

"ஆர் சொன்னது?" அவர் முகம் சிவந்தது. "உங்களுக்கு அது நஞ்சு. அறவே விடவேணும். தண்ணியும் நான் சொல்லுற அளவுதான்."

கட்டிலில் படுத்தபடி கருப்பம்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை. ஆத்திரந்தான் வந்தது. மாதக்கணக்காகக் காசு குடுத்து நஞ்சு வாங்கித் தின்றிருக்கிறாள்.

உப்பில்லாச் சாப்பாட்டில் வீக்கம் வடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் மறைக்காமல் சொன்னார்: "இது முழுசாச் சுகமாகுற வருத்தமில்லை. வாயைக் கட்டினா கனகாலம் நல்லா இருக்கலாம். மாசம் ஒருக்கா வந்து காட்டுங்கோ."

அவள் வாயைக் கட்டினாள். தனக்கென்று சின்னச் சட்டி ஒன்று வைத்துக்கொண்டாள். மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு, தேசிக்காய் பிழிந்து, கறிவேப்பிலையைக் கசக்கி வாசம் ஏற்றிக்கொண்டாள். முதல் வாரம் ஒவ்வொரு கவளமும் தொண்டையில் நின்றது. பிறகு பழகியது. மறுபடி கூடை தூக்கினாள். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு முன்னாலேயே வீடு திரும்பும் கந்தப்பன் உலை வைத்தான்.

சித்திரையில் இமைகள் மறுபடி உப்பின.

ஒருநாள் மழைக்குப் பறிப்பு நின்று, அவள் நேரத்தோடு லயத்துக்கு வந்தாள். அடுப்படியில் கந்தப்பன் குந்தியிருந்தான். அவன் கை உப்புச் சிரட்டையிலிருந்து அவளுடைய சின்னச் சட்டிக்குப் போவதைக் கண்டாள்.

சட்டியைத் தூக்கி வாசலில் எறிந்தாள். சோறு சேற்றில் சிதறியது. பக்கத்துக் காம்பராக்களில் தலைகள் எட்டிப் பார்த்தன.

"எத்தன நாளா இந்த வேல?"

அவன் தலை நிமிரவில்லை. "கொஞ்சந்தான் புள்ள... ஒரு சிட்டிக."

"நான் நாக்குச் செத்துக் கெடக்கேன். நீ எனக்குத் தெரியாம வெசம் வைக்கிறியா?"

"உப்பில்லாச் சோறு செத்தவங்களுக்குப் படைக்கிறதுடீ!" கந்தப்பன் உடைந்து போய்க் கத்தினான். "உயிரோட இருக்கிறவளுக்கு எங் கையால அத எப்புடிப் போடுவேன்? என் ஆத்தாளுக்குப் படைச்ச மாதிரியே இருக்கு."

"படைக்கத்தான் போற! இந்தக் கையாலதான் எனக்கும் படைக்கப் போற. அதுக்குத்தான் இப்ப உப்பு போடுற!"

கந்தப்பன் தன் கையைப் பார்த்தான். விரலில் உப்புக் கல் ஒட்டியிருந்தது. அதை வேட்டியில் துடைத்தான், மறுபடி துடைத்தான். பிறகு எழுந்து, மழையிலேயே இறங்கி நடந்தான்.

மருந்துச்சாலைக்குத்தான் போனான். இந்த முறை தலைத்துண்டை அவிழ்க்கவில்லை. வாசலைத் தாண்டி உள்ளே போய் மேசைக்கு முன்னால் நின்றான்.

"ஐயா, நீங்க சொன்னதத்தான் வேதமா நெனச்சு ஊட்டினேன். அவ காலத் தொட்டுப் பாத்தீங்களா? மூத்திரத்தப் பாத்தீங்களா?"

"வெளியே போடா. பொண்டாட்டி பேச்சக் கேட்டு வந்து நிக்கிறியே, சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கிறியா?"

"உங்க பேச்சக் கேட்டு உப்பு போட்டதுதாங்க வென!" கந்தப்பன் மேசையில் ஓங்கி அறைந்தான். மருந்துப் போத்தல்கள் குலுங்கின. "அவ செத்திருந்தா ரத்தம் கம்மின்னு எழுதியிருப்பீங்க. அவ்வளவுதானே?"

மறுநாள் பெரட்டில் ஆளெண்ணி வேலை பிரிக்கும்போது கங்காணி அவனைக் கவ்வாத்திலிருந்து எடுத்து, அட்டை மொய்க்கும் பள்ளத்தில் தண்ணீர் ஓடக் கான் வெட்டப் போட்டார். ஒரு மழைக்காலம் முழுக்க அங்கேயே கிடந்தான். டிஸ்பென்சரிடம் மன்னிப்புக் கேட்டால் மாற்றிவிடுவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அவன் போகவில்லை. அடுப்படியில், ஆசைப்பட்டுக்கூட அவள் சட்டியில் இனி ஒரு கல் விழக் கூடாதென்று, உப்புச் சிரட்டையை மட்டும் கருப்பம்மா கைக்கு எட்டுகிற இடத்திலிருந்து எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான்.

மாதம் ஒருமுறை கருப்பம்மா பஸ் ஏறிப் பதுளைக்குப் போய் வந்தாள். லயத்தில் யாருக்கு முகம் வீங்கினாலும் கையைப் பிடித்துக் கூடவே இழுத்துப் போனாள். ஒருநாள் வேலை போகுமே என்று தயங்கியவர்களிடம், "போனா போகட்டும், உசிர் போனா வருமா?" என்று சீறினாள். அவளுக்கும் சில நாள் அசதி வந்தது. சில மாதம் மருந்து மாறியது. ஆனாலும் வருடங்கள் போயின, அவள் மலை ஏறிக்கொண்டிருந்தாள்.

அறுபத்தொன்றில் டிஸ்பென்சர் ஓய்வு பெற்றார். பெரட்டுக் களத்தில் பந்தல் போட்டார்கள். வயதில் மூத்த பெண்ணாகப் பார்த்து மாலை போடச் சொல்லலாம் என்று கங்காணி அவளிடம் ஆள் அனுப்பினார்.

"என்னால ஆகாதுன்னு சொல்லு," என்றாள் கருப்பம்மா. "அந்தாள் சொன்னதக் கேட்டு மண்ணுக்குள்ள போனவங்க இந்தத் தோட்டத்துல எத்தன பேரோ! அவங்கள எழுப்பி வந்து போடச் சொல்லு."

வந்தவன் அந்தச் சொல்லை அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தானோ என்னவோ, தெரியவில்லை. பந்தலில் மேளம் கேட்டது. அவள் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.