சுவரில் இரண்டு தட்டு

முதல் தட்டு விழுந்தபோது முர்ஷித் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

சுவருக்கு அந்தப் பக்கம் மனைவியின் உம்மா, ஸாலிஹா மாமியின் அறை. இந்தப் பக்கம் அவன், ஒரு பழைய லெப்டொப், அதைவிடப் பழைய கீபோர்ட். பகல் லுஹர் தொழுகை முடித்து, சோறு தின்று, சாய்ந்தமருது ஊர் முழுவதும் கண் செருகிக் கிடக்கும் நேரம். ஒரே ஒரு சுரத்தை நீளமாக இழுத்து, சாம்பிராணிப் புகை போல அறைக்குள் மிதக்க விட்டிருந்தான்.

டொக். டொக்.

சத்தத்தைப் பாதியாகக் குறைத்தான். மறுபடியும் டொக், டொக். இன்னும் குறைத்தான். ஸ்பீக்கரில் காதை ஒட்டினால்தான் கேட்கும் என்ற அளவுக்கு வந்துவிட்டது. இந்த முறை தட்டல் பலமாக விழுந்தது.

நிறுத்தியே விட்டான். பன்னிரண்டு வருடம் கழித்துத் தொடங்கிய இசை பதினேழு நிமிடத்தில் முடிந்தது.

நற்பிட்டிமுனையில் உம்மாவின் வீட்டில் இருந்த காலத்தில், முர்ஷித் கம்ப்யூட்டரில் இசை செய்தான். பாட்டு இல்லை, தாளம் இல்லை. மெல்ல எழும்பி மெல்ல அடங்கும் மின் ஒலிகள் மட்டும். கூட்டாளிமார் அதற்கு ‘காய்ச்சல் பாட்டு’ என்று பெயர் வைத்தார்கள். பிறகு வேலைக்குக் கட்டார் நாடு. எட்டுப் பேர் படுக்கும் அறையில் பத்து வருடம். அங்கே இசையை நினைக்கவே இடமில்லை. திரும்பி வந்ததும் ஸப்னாவைக் கலியாணம் முடித்தான். இப்போது கல்முனைக் கடைகளுக்குக் கண்காணிப்புக் கமரா பூட்டுகிறான். பகல் சாப்பாட்டுக்கு வந்தால் அஸர் தொழுகை வரை ஓய்வு.

இந்த ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர வேண்டும். உம்மாவின் வீடு தங்கச்சி றிபாவுக்குப் போனது. அவளுடைய அலுமாரியின் மேல் நெல்லுச் சாக்குக்குள் கிடந்த கீபோர்ட், வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் நாளில்தான் இறங்கியது.

“காக்கா, இதக் கொண்டு போங்க. இல்லாட்டிப் பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்திருவன்” என்று அண்ணனிடம் சொன்னாள்.

கொண்டு வந்தான். அதற்குப் பிறகுதான் இந்தத் தட்டு.

மாமியிடம் நேரே கேட்டுவிடலாமே என்று யாரும் நினைக்கக்கூடும். அதுதான் முடியாது. மருமகனுக்கு முன்னால் மாமி வர மாட்டா, கதைக்கவும் மாட்டா. மற்ற வீடுகளில் இந்த வழக்கம் தளர்ந்துவிட்டது. ஸாலிஹா மாமி மட்டும் தளரவில்லை. இரண்டு வருடத்தில் திரைச்சீலைக்குக் கீழே தெரியும் பாதங்களைத்தான் அவன் பார்த்திருக்கிறான். அவசரம் என்றால், மாமி பூனையோடு கதைப்பா.

“கேட்டியா பூனை, மழை இருட்டிக் கொண்டு வருது. கொடியில காயுற சாரனை எடுத்தா என்னவாம்?”

முர்ஷித் ஓடிப்போய், தான் உடுத்துகிற சாரனை எடுப்பான். பூனையிடம் சொல்ல முடியாத பெரிய விசயம் என்றால் ஸப்னா வழியாக வரும். இந்த விசயம் ஸப்னா வழியாகவும் வரவில்லை. அவனும் சொல்லவில்லை. ‘உங்கட உம்மா சுவரில தட்டுறா’ என்று எப்படிச் சொல்வது? அது அவவுடைய வீடு. தஸ்பீஹ் மாலையும் கையுமாக இருக்கிற மாமிக்கு இசை பிடிக்காது என்று முடிவு கட்டிக்கொண்டான். ஹெட்செட்டில் ஒரு காது செத்துவிட்டது. இந்த இசைக்கு ஒரு காது போதாது.

அடுத்த நாளும் தட்டு. அதற்கடுத்த நாளும் தட்டு. இந்த வீட்டில் முடியாவிட்டால் அவனுக்கு வேறு வீடு இல்லை. பன்னிரண்டாவது நாள் றாஸிக்கைக் கூப்பிட்டான். றாஸிக் கலியாண வீடுகளுக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவன், பழைய கூட்டாளி.

“மச்சான், கீபோர்டை எடுத்துக்கொண்டு போ. சும்மா தாறன்.”

றாஸிக் பகல் இரண்டரைக்கு வந்து நின்றான்.

“பன்னிரண்டு வருசம் கட்டி வெச்ச சாக்க அவிழ்த்து, பன்னிரண்டு நாள்ல தள்ளி விடுறாய். ஜின்னு கின்னு பிடிச்சிட்டா?”

“மெல்லக் கதை. மாமி படுத்திருக்கா.”

“சரி, ஒருக்காப் போட்டுக் காட்டு. உசிர் இருக்கா எண்டு பாக்கோணுமே.”

கடைசித் தரம்தானே. முர்ஷித் சத்தத்தைக் குறைக்கவில்லை, முழுதாகத் திறந்துவிட்டான்.

முதல் சுரம் எழுந்தது. அதன் அடியில் இன்னொன்று, அடிவயிற்றில் உணரக்கூடிய தாழ்ந்த ஒலி. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் சுற்றிவந்தன. மின்விசிறிக் காற்றில் திரைச்சீலை உப்பி அடங்கியது. யன்னல் கம்பிகளின் நிழல் தரையிலிருந்து கழன்று மிதப்பது போலிருந்தது. அறைக்குச் சுவர்களே இல்லை, கூரைக்கு மேல் கடல் நிற்கிறது என்று தோன்றியது. மூன்று நிமிடம் போனது. தட்டு இல்லை. நான்கு நிமிடம்.

“மச்சான்” என்றான் றாஸிக், குரல் குழைந்து. “வயலுக்குத் தண்ணி பாயுற மாதிரி கிடக்கு.”

அப்போது அந்த மணி வந்தது. இளமையில் ஒரு மாதம் மினக்கெட்டுச் செய்த ஒற்றை மணியொலி.

டொக்! டொக்!

முர்ஷித் சட்டென்று நிறுத்தினான். றாஸிக் வயரைக் கழற்றக் குனிந்தான். வாசல் திரைச்சீலைக்குக் கீழே இரண்டு பாதங்கள் வந்து நின்றன.

“கேட்டியா பூனை...”

றாஸிக் சுற்றிச் சுற்றிப் பூனையைத் தேடினான். பூனை இல்லை. மதிலில் படுத்திருந்தது. திரைக்குப் பின்னால் குரல் தடுமாறியது. ஒரு கனைப்பு. பிறகு:

“மருமகன்.”

முர்ஷித் எழுந்தே நின்றுவிட்டான். “சொல்லுங்க மாமி.”

“என்னத்துக்கு ஒவ்வொரு நாளும் குறைச்சுக் குறைச்சு நிப்பாட்டுறீங்க? கேக்குதில்ல எண்டுதானே தட்டுற நான்.”

“குறைக்கச் சொல்லித் தட்டல்லியா?”

“கூட்டச் சொல்லித் தட்டின! மாமா மௌத்தாகிப் போய்ச் சேர்ந்து மூணு வருசம். பகல்ல ஒரு கண் மூடினதில்ல. முதல் நாள் அந்த ஊங்காரத்துலதான் மூட வந்திச்சு, இன்னும் கொஞ்சம் கேக்கோணும் எண்டு தட்டின. அதையும் நிப்பாட்டிப் போட்டீங்க.”

“ஸப்னாக்கிட்டச் சொல்லி இருக்கலாமே மாமி.”

“எப்பிடிச் சொல்ற? மருமகன் தாலாட்ட மாமி தூங்குறா எண்டு ஊர் சிரிக்காதா?”

றாஸிக் சட்டைக் கொலரை வாய்க்குள் திணித்துக்கொண்டான்.

“இண்டைக்கு நல்லாத்தானே கேட்டிச்சு? பிறகேன் தட்டினீங்க மாமி?” என்றான் முர்ஷித்.

“அந்த மணிக்கு. கண் சொருகிக்கொண்டு வருது, டிங் எண்டு ஐஸ்கிறீம்காரன் வாறான்.”

முர்ஷித்துக்குச் சுருக்கென்றது. “மாமி, அந்த மணியிலதான் இதுட உசிரே இருக்கு. அஞ்சு நிமிசம் ஒண்டுமே நடக்காட்டிக் கேக்கிறவங்களுக்கு அலுக்கும்.”

“ஒண்டும் நடக்கப்படா எண்டுதானே மனிசர் படுக்கிற?”

முர்ஷித் லெப்டொப் பக்கம் திரும்பினான். அதன் திரையில் அந்த மணி ஒரு சின்னப் பச்சைக் கட்டமாக நின்றது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு இந்த இசை இதற்கு மேல் நகராமல் நின்றதும் அந்த இடத்தில்தான். மணிக்குப் பிறகு என்ன வர வேண்டும் என்று அவனுக்குப் பிடிபடவே இல்லை. கட்டத்தைத் தொட்டு அழித்தான்.

பாதங்கள் திரும்பிப் போயின. பாய் உதறும் சத்தம் கேட்டது.

றாஸிக்கின் கையிலிருந்து வயரை வாங்கிக்கொண்டு, முதலிலிருந்து போட்டான். நான்காவது நிமிடம் வந்தது. மணி இல்லாத இடத்தில் இரண்டு ஒலிகளும் விலகி, அகலமாகி, வழி விட்டன. அந்த வழியில் விரல் தானாக மூன்றாவது சுரத்தைப் போய்த் தொட்டது. அது எங்கே இருந்தது இத்தனை வருடமும்?

“அப்ப இத நான் தூக்கிறதா, இல்லியா?” றாஸிக் கிசுகிசுத்தான்.

முர்ஷித் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். சுவரைப் பார்த்து, “இப்ப எப்பிடி மாமி?” என்று மெல்லக் கேட்டான்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குறட்டை வந்தது. மெதுவாக இழுத்து, நிதானமாக விட்டது.

முர்ஷித் அதைச் சிறிது நேரம் கேட்டிருந்தான். பிறகு, அந்த மூச்சுக்குத் தோதாக இசையை இன்னும் கொஞ்சம் மெதுவாக்கினான்.