சுவரில் இறங்கிய ஒரு சாண்

ஆரப்பாளையத்தில் அப்துல் அலீம் இரும்புச் சரக்கு வைக்கும் கிட்டங்கிக்குப் பின்னால் இருந்த கூடைப்பந்து மைதானத்தில், 1978ஆம் ஆண்டு மே மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கழகத் தலைவர் நல்லகாமன், அவர் மகன் சுருளி, பயிற்சியாளர் மருது, கிட்டங்கி முதலாளியும் கழகச் செயலாளருமான அப்துல் அலீம், அலீமின் அக்காள் மகன் ரோஷன். ஆறாவது ஆள் கிடையாது. தாமும் அங்கே நின்றதாகப் பிற்பாடு சொன்னவர்கள் ஒருவரும் அங்கே நிற்கவில்லை.

மற்ற எட்டு ஆட்டக்காரர்களும் சனிக்கிழமையே அளந்து முடித்துப் போய்விட்டார்கள். அளப்பது என்றால், மருதுவின் முறை அது. ஆட்டக்காரன் விரல் நுனியில் காவியைத் தொட்டுக்கொண்டு, ஒற்றைக் காலில் எம்பி, கிட்டங்கியின் சுண்ணாம்புச் சுவரில் எவ்வளவு உயரம் எட்டுகிறானோ அங்கே கோடு இழுக்க வேண்டும். இடது காலுக்கு ஒரு கோடு, வலது காலுக்கு ஒரு கோடு. போன வருடக் கோடு பக்கத்திலேயே பெயரோடு இருக்கும். இந்த வருடக் கோடு அதற்குக் கீழே இறங்கினால் காலில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ஒரு விரற்கடை இறங்கினால் ஒரு ஆட்டம் உட்கார வேண்டும். கப்பலூர்ப் பட்டறையில் தகடு வெட்டுகிறவர் மருது. எதையும் அளக்காமல் நம்ப மாட்டார். ஒவ்வொருவனும் எத்தனை ஆட்டம் ஆடுவான் என்று இப்படிக் கூட்டிக் கழித்து, பதினான்கு ஆட்டத்தில் அணி எத்தனை ஜெயிக்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கிட்டங்கிக் கதவில் ஒட்டுவார். ஆறு வருடமாக அந்தக் கணிப்பு ஒரு ஆட்டத்துக்கு மேல் பிசகியதில்லை. மற்ற கழகத்துக்காரர்கள்கூட வந்து படித்துவிட்டுப் போவார்கள்.

அந்தத் தாளின் முதல் வரி நல்லகாமன் வீட்டுப் பெயர். முதலில் அவர் தம்பி, தம்பி வேலைக்கு வெளியூர் போன பிறகு சுருளி. தாளின் அடியில் காயம் என்று ஒரு தலைப்பு இருக்கும். அதன் கீழே அந்த வீட்டுப் பெயர் வந்ததே இல்லை. நல்லகாமன் அதைப் பெருமையாகச் சொல்வதில்லை. யாராவது எடுத்துச் சொன்னால் மறுக்கவும் மாட்டார்.

ஏப்ரல் கடைசியில், திருப்பரங்குன்றத்தில் கழகத்தார் வேறு யாரும் இல்லாத ஒரு பழக்க ஆட்டத்தில், எதிராளியின் பாதத்தின் மேல் இறங்கிச் சுருளிக்கு இடது முழங்கால் திருகிக்கொண்டது. வீட்டுக்குள் வைத்து எண்ணெய் போட்டார்கள். சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறான் என்று வெளியே சொன்னார்கள். வீக்கம் வடிந்தது, வலி வடியவில்லை. சுருளியின் தாயார் சீனியம்மாள், "பேசாம மருதுட்டச் சொல்லிருங்க, பத்து நாளு உக்காரட்டும்" என்றார்.

"காயம்னு கதவுல ஒட்டுவாய்ங்க. சந்தையில சோணை அத வாசிச்சுக் காட்டுவான். உனக்குச் சம்மதமா?" என்றார் நல்லகாமன்.

சோணை நல்லகாமனுக்குப் பங்காளி. பரவைச் சந்தையில் வெங்காயக் கடை. இரண்டு வீட்டுக்கும் இருபது வருடமாகப் போட்டி. சீனியம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மகனிடம் போனார்.

நல்லகாமனால் உட்கார முடியவில்லை. வாசலுக்கு வருவார், தெருவைப் பார்ப்பார், உள்ளே போவார். வெள்ளிக்கிழமை காலையில் வேட்டியை மாற்றிக்கொண்டு அலீமின் கடைக்குப் போய், மைதானத்தில் எல்லைக்கோடு போட வேண்டும் என்று சாவியை வாங்கினார். பதினொரு மணி வெயிலில் மைதானத்தில் யாரும் இல்லை. கிட்டங்கி ஏணியைச் சாத்தி ஏறி, மகனின் போன வருடத்து இடது கால் கோட்டை ஈரத் துணியால் துடைத்தார். காவி கரைந்து சுவரில் பரவியது. மேலே சுண்ணாம்பு பூசினார். அதற்கு ஒரு சாண், பன்னிரண்டு விரற்கடை, கீழே புதுக்கோடு இழுத்து, 'சுருளி' என்று எழுதினார். எழுத்துக் கோணியது. ஏணியிலிருந்து இறங்கி வெகு நேரம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சாவியைத் திருப்பிக் கொடுத்தார். மைதானத்தில் அவர் கோடு எதுவும் போட்டிருக்கவில்லை. அலீம் அதைக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சுருளி எம்பினான். இறங்கும்போது பல்லைக் கடித்ததை மற்ற நான்கு பேரும் பார்த்தார்கள். மருது ஏணியில் ஏறி விரலை வைத்து அளந்தார். இறங்கி வந்து, மறுபடியும் ஏறி அளந்தார்.

"மூணு விரல் கூடியிருக்கு" என்றார்.

"எம்புட்டு?" என்றான் ரோஷன்.

"மூணு. நொண்டிக்கிட்டு வாரான், எறங்கையில பல்லக் கடிக்கிறான், போன வருசத்தவிட மூணு விரல் கூடியிருக்கு. இது எந்த ஊரு கணக்குடா?"

"மாப்ள, காலுல மணக்குற அந்த எண்ணெய எனக்கும் கொஞ்சம் குடு" என்றான் ரோஷன். சுருளி சிரிக்கவில்லை. சுவருக்குக் கிட்டே போய் நிமிர்ந்து பார்த்தான்.

"இது என் கோடு இல்ல."

"பேரு போட்டிருக்குல்ல" என்றார் நல்லகாமன்.

"போன வருசம் என் கை அந்தச் சன்னல் கம்பியில பட்டுச்சுய்யா. நகம் பேந்து ரத்தம் வந்துச்சு. ரோஷன்தான் துணி கட்டுனான். என் கோடு கம்பிக்கு நேரா இருந்துச்சு. பாருங்க, அந்த எடத்துல மட்டும் சுண்ணாம்பு பளிச்சுனு இருக்கு."

எல்லோரும் பார்த்தார்கள். பளிச்சென்றுதான் இருந்தது.

"யாரோ எறக்கிப்புட்டாய்ங்க" என்றார் மருது. "கம்பிக்கு நேரானு வச்சா ஒம்பது விரல் கொறஞ்சிருக்கு. ஒம்பது ஆட்டம்."

நல்லகாமன் வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு கிட்டங்கியின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக நடந்தார். மகனைப் பார்த்துச் சொன்னார்: "எதுக்குடா கெளறுற? கோடு கூடியிருக்கு. ஆடிட்டுப் போ."

"கூடலய்யா. நான் அம்புட்டு ஒசரம் எம்புனவன். அத இல்லைன்னு ஆக்கிட்டு முதல் வரியில என் பேரு எதுக்கு? காயம்னே எழுதச் சொல்லுங்க. காயத்துல கெடந்தவன் எந்திரிப்பான். சுவத்துல கோடு கீழ இருந்தா நான் எப்பவுமே அவ்வளவுதான்னு ஆயிரும்."

நல்லகாமன் நடையை நிறுத்தினார். வீட்டின் பெயரைக் காப்பதாக நினைத்து, வீட்டில் இதுவரை யாரும் எட்டாத உயரத்தைத் தன் கையாலேயே துடைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மருது அலீமின் பக்கம் திரும்பினார். "பாய், வெளிக்கதவுச் சாவி உங்ககிட்டதான இருக்கு?"

"என்கிட்டதான் தம்பி."

"வேற யாருக்காச்சும் குடுத்தீங்களா?"

அலீம் நல்லகாமனைப் பார்க்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். யோசிக்க ஒன்றும் இல்லை என்று நல்லகாமனுக்குத் தெரியும். வாயைத் திறக்க வேண்டியவர் அவர். அவர் திறக்கவில்லை.

மாலையில் தாள் ஒட்டப்பட்டது. முதல் வரியில் வேறு வீட்டுப் பெயர். அடியில்: 'காயம் - சுருளி, இடது முழங்கால், ஒன்பது ஆட்டம். பதிலாக ரோஷன்.' பதினொன்று ஜெயிக்கும் என்று போன வாரம் வரை சொல்லிக்கொண்டிருந்த மருது, ஏழு என்று எழுதியிருந்தார்.

திங்கட்கிழமை நல்லகாமன் அலீமின் கடைக்குப் போனார். அலீம் ஒருவருக்கு ஆணி நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆள் போனதும் டீ வரவழைத்தார்.

"சொல்லியிருக்கலாமே அலீம்."

"என்னத்தண்ணே?"

"சாவிய."

"சாவி நான் உங்களுக்குக் குடுத்தது. ஊருக்கா குடுத்தேன்? டீ ஆறுது, குடிங்க."

நல்லகாமன் குடித்தார். நாக்குச் சுட்டது. வைதிருந்தால் தேவலை என்று இருந்தது. அன்று முழுவதும் வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை. கயிற்றுக் கட்டிலில் படுப்பார், எழுந்து தண்ணீர் குடிப்பார், மறுபடி படுப்பார். சுருளி காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை விதை வெங்காயம் வாங்கப் பரவைக்குப் போனார். சோணையின் கடை முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். இருபது வருடமாக முகம் கொடுத்துப் பேசாத சோணை எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தான்.

"அண்ணே, வாங்க. எல்லாம் கேள்விப்பட்டேன். ரெண்டு வீட்டுக்கும் ஆயிரம் இருக்கட்டும், நம்ம பயலோட கோட்ட ஒருத்தன் அழிச்சா அது எனக்கும்தான் கேவலம்."

"யாரு அழிச்சது?"

"வேற யாரு? அந்த இரும்புக் கடைக்காரருதான். அக்கா மகன ஆட வைக்கணும்ல. சாவி அவருகிட்டதான இருந்துச்சு, கேட்டதுக்கு யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னாராம்ல. நம்ம ஆளுக நாலஞ்சு பேரு நின்னு கண்ணால பாத்திருக்காக. சாயங்காலம் கடைக்குப் போயி நாயம் கேக்கப் போறோம். நீங்க முன்னால நில்லுங்க, போதும்."

கூட்டம் நல்லகாமனைப் பார்த்தது. அவர் தலையை ஆட்டினாலே போதும். ஆட்டாமல் நின்றால்கூடப் போதும். இத்தனை பேர் தன் வீட்டுக்காகச் சேர்ந்து நின்று அவர் பார்த்ததில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார், மடித்தார், மறுபடி தோளில் போட்டார். சோணை பிடித்திருந்த கையை விடுவித்துக்கொண்டார்.

"அலீம் அழிக்கல" என்றார். "வெள்ளிக்கிழம காலைல அவருகிட்ட நான் பொய்யி சொல்லிச் சாவி வாங்குனேன். பதினோரு மணிக்கு ஏணியில ஏறி ஈரத் துணிய வச்சு அழிச்சது நான். ஒரு சாண் கீழ எறக்கிக் கோடு போட்டதும் நான். அங்க ஒருத்தரும் நிக்கல, ஒருத்தரும் பாக்கல."