கப்டன் இல்லாத படகு

தன் தகப்பன் கடலில் செத்த கதையை, சிவனேஸ்வரி தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், இன்னொருவருடைய தகப்பன் செத்த கதையாகக் கேட்டாள். கையில் ஆட்டிறைச்சிக் கறிச் சட்டி இருந்தது.

எழுபத்தெட்டாம் ஆண்டு மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மெல்பேணில் குளிர் தொடங்கிவிட்டது. கிளேட்டனில் இருந்த அவர்களுடைய வீட்டுக்கு, கணவன் இந்திரகுமாரின் மேலதிகாரி வாலஸ் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். கூடவே மனைவி மார்கரெட். அணைக்கட்டுகளுக்குப் படம் போடுகிற ஒரு நிறுவனத்தில் வாலஸ் பிரிவுத் தலைவர். இந்திரகுமார் அவருக்குக் கீழே பொறியியலாளர். வாலஸ் எப்போதும் போல நிறையப் பேசினார். தண்ணீரை வாழ்நாள் முழுக்கக் கணக்கில் மட்டும் பார்த்தவர், ஐம்பது வயதில் கடல் மேல் ஆசைப்பட்டிருந்தார்.

"உங்கள் மாமனாரின் கதையை இந்திரா சொன்னபோது எங்கள் ஒஃபிஸில் ஒருவரும் தேநீர் குடிக்கவில்லை, சிவா" என்றார். "மூன்று பாய்க்கப்பல் வைத்திருந்த மனிதர், புயலில் போய்த் திரும்பவேயில்லை. கப்பல் மட்டும் மூன்றாம் நாள் கரைக்கு வந்ததாம். இந்திராவுக்கு அப்போது பதினாலு வயதாமே."

சிவனேஸ்வரி சட்டியை மேசையில் வைத்தாள். கணவனைப் பார்த்தாள். அவன் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று கப்பல் இல்லை. ஒரு வத்தை. பாய் கட்டிய மரவள்ளம். நயினாதீவிலிருந்து நெடுந்தீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் தேங்காயும் ஆடும் ஏற்றிப் போகும். ஆண்பிள்ளை இல்லாத ஐயா, எட்டு வயதிலிருந்து சிவனேஸ்வரியைத்தான் சுக்கான் பிடிக்க வைத்தார். ஊர் சிரித்தது. ஐம்பத்தேழாம் ஆண்டுக் கார்த்திகையில், வாடைக் காற்றில், பெரியபிள்ளையாகிவிட்ட மகளைக் கரையில் விட்டுவிட்டுத் தனியே போனார். வத்தைதான் வந்தது.

இந்திரகுமாரின் தகப்பன் கோப்பாயில் தபால் அதிபராக இருந்து பென்ஷன் எடுத்தவர். கட்டிலில் படுத்தபடி செத்தார். அந்தக் குடும்பத்தில் ஒருவரும் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை. சிவனேஸ்வரியின் மாமன் கொழும்பில் கடை வைத்திருந்தார். அவர் தந்த சீதனத்துக்காகத்தான் கோப்பாய்க்காரர் தீவுக்குள் பெண் எடுத்தார்கள். எடுத்ததை மன்னிக்கவுமில்லை. பன்னிரண்டு வருடத்தில் இந்திரகுமார் அவளை, தீவுக்காரி என்ற இளக்காரத்தோடு, "தீவாள்" என்று கூப்பிடாத நாள் குறைவு. கறியில் உப்புக் கூடினால் தீவாள். மற்றத் தமிழ் வீடுகளுக்குப் போய் அவள் கொஞ்சம் உரத்துச் சிரித்துவிட்டால், காரில் திரும்பி வரும்போது, "தீவாற்றை குணம் போகுமே?"

கல்யாணமான புதிதில் ஒரு தடவை, ஒரேயொரு தடவை, ஐயாவின் கதையை அவனுக்குச் சொல்லியிருந்தாள். அப்போது அவன் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தான். கேட்கவில்லை என்றுதான் நினைத்திருந்தாள்.

சாப்பாடு முடிந்ததும் வாலஸ் மேசையில் இரண்டு விளம்பரப் புத்தகங்களை விரித்தார். ஓகஸ்ட் மாதம் மெல்பேணில் நடுங்குகிற நேரத்தில், குயின்ஸ்லாந்தின் விட்சண்டே தீவுகளில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும் என்றார். ஒரு கிழமை முழுக்க, நாலு பேர், பாய்ப்படகில்.

"இரண்டு வழி இருக்கிறது. இது பெரிய படகு, கப்டனும் சமையல்காரனும் வருவார்கள். இது சின்னது, முப்பது அடி. சாவியைத் தந்துவிடுவார்கள், நாங்களே ஓட்டவேண்டும். எங்களிடம்தான் ஒரு கடலோடி இருக்கிறாரே!"

இந்திரகுமார் அவசரமாகப் பெரிய படகின் படத்தைத் தன் பக்கம் இழுத்தான். "பெண்களுக்கு இதுதான் வசதி. லீவில் போய் நான் ஏன் வேலை செய்யவேண்டும்?" என்று சிரித்தான்.

"அப்படியானால் பெண்களே சொல்லட்டும்" என்றார் வாலஸ்.

மார்கரெட் மெலிந்த, அமைதியான பெண். "எனக்கு இரண்டும் பயம். சிவா சொல்வது எனக்குச் சரி" என்றாள். அந்த வீட்டுக்கு வந்தவர்களில், சாப்பிட்ட கோப்பையைத் தானே எடுத்துக்கொண்டு குசினிக்குள் வந்தவள் அவள் ஒருத்திதான்.

சிவனேஸ்வரி ஈரக் கையைத் துடைத்துவிட்டு, சின்னப் படகின் மேல் விரலை வைத்தாள்.

"இது" என்றாள் தன் ஆங்கிலத்தில். "இவருக்கு எதற்குக் கப்டன்?"

வாலஸ் கைதட்டினார். இந்திரகுமாரின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. கண் மட்டும் மாறிவிட்டது.

விருந்தாளிகளின் கார் தெருவைத் தாண்டியதும் அவளுடைய மேற்கையைப் பிடித்து முறுக்கினான்.

"வேணுமெண்டுதானே செய்தனீ?"

"என்ரை ஐயாவை ஏன் எடுத்தனீங்கள்?"

"ஒரு கதைக்குச் சொன்னனான். அதுக்கு இப்பிடியே? அடுத்த வருஷம் வாலஸ் மேலை போறார். அந்தக் கதிரை ஆருக்கு எண்டு அவர்தான் சொல்லவேணும், விளங்குதே?" பிடியைத் தளர்த்தினான். குரலையும் தளர்த்தினான். "சரி. நீதான் எனக்குக் காட்டித் தரவேணும். ஒருதருக்கும் தெரியாமல், தமிழிலை சொல்லு. நான் செய்யிறன்."

"எனக்கு என்ன தெரியும்? நான் தீவாள்."

அதற்குப் பிறகு அவன் நூலகத்திலிருந்து பாய்ப்படகு ஓட்டும் புத்தகம் ஒன்று கொண்டுவந்தான். அவளுடைய பாவாடை நாடாவைக் கதிரைக் காலில் கட்டி முடிச்சுப் பழகினான். முடிச்சு ஒவ்வொன்றும் அவிழ்ந்தது. சிவனேஸ்வரி அந்த இடத்தைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு பார்த்தாள். அவனுக்கு ஒரு காய்ச்சல் வரலாம், ஒரு சகோதரி சாகலாம், பொய் சொல்ல எத்தனையோ இருந்தது. அதில் ஒன்றைச் சொல்லிப் பயணத்தை நிற்பாட்டுவான் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். ஆனால் ஒஃபிஸில் எல்லோருக்கும் வாலஸ் சொல்லிவிட்டார். அவனால் முடியவில்லை.

ஓகஸ்டில் போனார்கள். விட்சண்டேயில் வெயில் முதுகில் இதமாகப் பட்டது. கடல் பச்சையாகக் கிடந்தது. படகுக்காரன் இரண்டு மணித்தியாலம் எல்லாவற்றையும் காட்டினான். இந்திரகுமார், "தெரியும், தெரியும்" என்று தலையாட்டினான். முதல் இரண்டு நாளும், "காற்றுச் சரியில்லை" என்று சொல்லி எஞ்சினிலேயே ஓட்டினான். மற்றப் படகுகள் பாய் விரித்துத் தாண்டிப் போயின. வாலஸ் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மூன்றாம் நாள் காலை, தானே பாயின் உறையைக் கழற்றிவிட்டு, "இன்றைக்கு, கப்டன்" என்றார்.

சிவனேஸ்வரிக்கு அந்தக் கடல் புதிது. காற்று புதிதில்லை. தென்கிழக்கிலிருந்து உரமாக வந்தது. வடமேற்கே போகிற படகுக்கு நேர் பின்னால் அடித்தது. கரையில் நிற்பவனுக்குப் பின்காற்று சுகமாகத் தெரியும். ஆனால் ஐயா பயந்த காற்று அதுதான். சுக்கான் கொஞ்சம் பிசகினால் போதும், காற்று பாயின் மறுபக்கத்துக்குள் புகுந்து, ஒரு பக்கம் கிடந்த பாயை மற்றப் பக்கத்துக்குத் தூக்கி எறியும். பாயின் அடியைப் பிடித்திருக்கிற தண்டு, கயிறு, நடுவில் நிற்கிற ஆள், எல்லாம் அதோடு போகும்.

அரை மணித்தியாலம் படகு பறந்தது. வாலஸ் முன்னால் நின்று சிறுபிள்ளை போலக் கூவினார். இந்திரகுமார் சுக்கான் கட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். நெற்றி முழுக்க வியர்வை. மார்கரெட் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பாயை இழுத்துப் பிடிக்கிற கயிறு ஓடும் கப்பியின் மேல் வலது கையை வைத்து, விழாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதுவும் ஒரு கைபிடி.

சிவனேஸ்வரி எதிரில் இருந்தாள். படகின் தலை மெல்ல மெல்ல விலகுவதைக் கண்டாள். பாயின் பின் ஓரம் ஒருமுறை சுருங்கியது. பிறகு இன்னொருமுறை. மார்கரெட்டின் கையையும் கண்டாள்.

"இஞ்சேருங்கோ" என்றாள் தமிழில், சாதாரணக் குரலில். "உங்களுக்குத் தெரியாதெண்டு அவருக்குச் சொல்லுங்கோ. அது என்ரை ஐயா எண்டு சொல்லுங்கோ. நான் பிடிக்கிறன்."

"சுக்கானை எந்தப் பக்கம் தள்ள? கெதியாச் சொல்லு!"

"முதல்லை அவருக்குச் சொல்லுங்கோ."

"வாயை மூடடி, தீவாள்!"

அவள் வாயை மூடினாள்.

பாய் வெடித்தது போல ஒரு சத்தம். தண்டு தலைகளுக்கு மேலால் மறுபக்கம் பறந்தது. கயிறு மார்கரெட்டின் விரல்களோடு கப்பிக்குள் சீறிக்கொண்டு ஓடியது. மார்கரெட் கத்தவில்லை, மூச்சை உள்ளே இழுத்தாள், அவ்வளவுதான். படகு பக்கவாட்டில் சரிந்து, அலைக்கு விலாவைக் கொடுத்து நின்றது. இந்திரகுமார் சுக்கானை விட்டுவிட்டுத் தரையில் குந்தி, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டான். பிறகு வாந்தி எடுத்தான்.

சிவனேஸ்வரி அவனைத் தாண்டிப் போய்ச் சுக்கானைப் பிடித்தாள். இருபத்தொரு வருடம் தொடாத கட்டை. தலையைக் காற்றுக்குத் திருப்பினாள். பாய் படபடத்தது. "அந்தக் கயிற்றை அவிழுங்கள். அதில்லை, சிவப்பு. பாயைக் கீழே இறக்குங்கள். இனி வந்து துவாயால் அவளுடைய கையை இறுக்கிச் சுற்றுங்கள்" என்று வாலஸுக்குக் கட்டளையிட்டாள். அவர் சொன்னபடி செய்தார். எஞ்சினை முடுக்கி, வானொலியில் கூப்பிடச் சொல்லி, துறைக்குத் திருப்பினாள். மூன்று மணித்தியாலம் எதிர்க்காற்று. மார்கரெட்டின் தலை வாலஸின் மடியில் கிடந்தது. துவாய் சிவந்துகொண்டே வந்தது.

பாதி வழியில் வாலஸ் கேட்டார், "இதை எங்கே படித்தீர்கள்?"

"என் தகப்பனின் படகில்."

அவர் துவாயை இன்னும் இறுக்கினார். "மூன்று கப்பல்" என்றார் பிறகு.

"ஒன்று. மரவள்ளம். அவர் திரும்பி வரவில்லை. அது மட்டும் உண்மை."

வாலஸ், தரையில் கிடந்த இந்திரகுமாரைப் பார்த்தார். அவன் கண்ணை மூடியிருந்தான். நித்திரை இல்லை என்பது மூவருக்கும் தெரியும்.

மார்கரெட்டுக்கு வலது கையில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு மடியாமல் போயின.

வாலஸ் இந்திரகுமாரை வேலையிலிருந்து நீக்கவில்லை. திட்டவுமில்லை. திங்கட்கிழமை ஒஃபிஸுக்குப் போனதும், "காலை வணக்கம், கப்டன்" என்றார், எல்லோருக்கும் முன்னால். நடந்ததை ஒருமுறை, கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அதன்பிறகு படம் வரைகிற பெடியளிலிருந்து தேநீர் கொண்டுவருகிற பெண் வரைக்கும் அவனைக் கப்டன் என்றே கூப்பிட்டார்கள். இந்திரகுமார் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்து, "நீதானே அந்தப் படகைத் தெரிஞ்செடுத்தனீ" என்றான். "ஓம்" என்றாள் சிவனேஸ்வரி. அவன் எழும்பி வந்து அறைந்தான். தீவாள் என்று மட்டும் அவன் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை, ஒன்றுமே கூப்பிடவில்லை.

செப்டெம்பர் முதற்கிழமை மார்கரெட் தனியே வந்தாள். இன்னும் குளிர் விடவில்லை. சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டுப் போட்டிருந்தாள். கையில் பூங்கொத்து.

"நன்றி சொல்ல வந்தேன்" என்றாள். "வைத்தியர் சொன்னார், இன்னும் ஒரு மணித்தியாலம் போயிருந்தால் கையே போயிருக்குமாம். என் கணவர் சொல்கிறார், நீங்கள் இல்லாவிட்டால் நாங்கள் மூன்று பேருமே இல்லை."

சிவனேஸ்வரி தேநீர் போட்டாள். மார்கரெட் இடது கையால் கோப்பையைத் தூக்கினாள். கொஞ்சம் சிந்தியது, வெட்கப்பட்டு, தானே துடைத்தாள்.

"பழகிவிடும்" என்றாள். "நான் உங்களுக்குச் சொல்ல வந்தது, நீங்கள் உங்களைக் குறை சொல்லக்கூடாது. இப்படி நடக்கும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். பூங்கொத்து மேசையில் கிடந்தது. இன்னும் தண்ணீரில் வைக்கவில்லை. இந்த ஊரில் அவளைத் தேடி, அவளுக்காக மட்டும் வந்த முதல் ஆள் மார்கரெட்.

"எனக்குத் தெரியும்" என்றாள் சிவனேஸ்வரி. "பாய் முதல்முறை சுருங்கினபோதே தெரியும். உங்களுடைய கை எங்கே இருந்தது என்பதும் தெரியும்."

மார்கரெட் விளங்காதவள் போலப் பார்த்தாள். "நீங்கள் அப்போது ஏதோ பேசினீர்கள். அவரிடம், உங்கள் மொழியில்."

"அவர் உங்கள் கணவரிடம் உண்மையைச் சொல்லவேண்டும் என்று கேட்டேன். சொன்னால்தான் சுக்கானைப் பிடிப்பேன் என்றேன்."

"எவ்வளவு நேரம் இருந்தது?"

"கையை எடுங்கள் என்று சொல்லப் போதுமான நேரம்."

குசினியில் குளிர்சாதனப் பெட்டி இரைந்தது. மார்கரெட் கோப்பையைத் தட்டில் வைத்தாள். கத்துவாள், அழுவாள், ஏன் என்று கேட்பாள் என்று சிவனேஸ்வரி காத்திருந்தாள். ஏன் என்று கேட்டால் சொல்ல அவளிடம் பன்னிரண்டு வருடம் இருந்தது. மார்கரெட் கேட்கவில்லை. எழும்பி, கதிரையில் கிடந்த கோட்டை எடுத்துப் போட்டாள். பெரிய பொத்தான்கள், ஐந்து. கட்டுப்போட்ட வலது கையால் துவாரத்தைப் பிடித்துக்கொண்டு, பழகாத இடது கையால் முதலாவதைப் பூட்டப் பார்த்தாள். வழுகியது.

சிவனேஸ்வரி உதவிக்கு ஓர் அடி வைத்தாள்.

"வேண்டாம்" என்றாள் மார்கரெட், தலை நிமிராமல். "அங்கேயே நில்லுங்கள்."

ஐந்து பொத்தானையும் பூட்டி முடிக்க நெடுநேரம் சென்றது. சிவனேஸ்வரி அங்கேயே நின்று, முழுவதையும் பார்த்தாள்.