ஐந்து மணிக்குத் தறி நிற்கும்

பிள்ளையார்பாளையத்தில் அந்தச் சந்துக்குள் மொத்தம் பதினோரு வீடு, பதினோரு தறி. காலையில் ஒரு வீட்டில் பலகை அடிக்கிற சத்தம் கிளம்பினால் போதும், அடுத்த வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது. பொழுது சாயும் வரை டக் டக்கென்று ஒரே இடிதான். வெளியூர்க்காரர்கள் வந்தால் காதைப் பொத்திக்கொள்வார்கள். கலைவாணிக்கு அந்தச் சத்தம் இருப்பதே தெரியாது. அதிலேயே தவழ்ந்து, அதிலேயே ஆனா ஆவன்னா எழுதி, எட்டாம் வகுப்பு வரைக்கும் முதல் மூன்று பேருக்குள் வந்துகொண்டிருந்தாள். ஒரு குறையும் இல்லை. குறையைக் கண்டுபிடித்தவர் அவளைப் பெற்ற அப்பா உதயகுமார்தான்.

நல்ல மனிதர், கை சுத்தமான நெசவாளி. ஆனால் ஒரு யோசனை தலைக்குள் புகுந்துவிட்டால் அவரையும் தூங்க விடாது, ஊரையும் சும்மா விடாது. இந்த முறை புகுந்தது பரீட்சை.

மாவட்டத்துக்கு ஒரே ஒரு சிறப்புப் பள்ளி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்து ஒன்பதாம் வகுப்புக்கு எண்பது பேரை மட்டும் எடுப்பார்கள். போன வருஷம் அறிவியல் கண்காட்சிக்கு அந்தப் பள்ளிக்குப் போனபோது கலைவாணி அங்கே நுண்ணோக்கியில் வெங்காயத் தோலைப் பார்த்தாள். அரை நிமிஷம்தான். அதற்குள் பின்னால் நின்ற பையன் இடித்துத் தள்ளிவிட்டான். அந்தக் கட்டம் கட்டமான தோலை ஆசை தீரப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குப் பிடித்த பைத்தியம். அவள் பள்ளியிலும் ஒரு நுண்ணோக்கி உண்டு. அது பீரோவுக்குள் இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

கணக்கு வாத்தியார் சத்யராஜ் சார் வாரா வாரம் வெள்ளிக்கிழமை ஒரு மாதிரித் தாள் கொடுப்பார். தொண்ணூறு கேள்வி, இரண்டு மணி நேரம். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் எழுதி, திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். முதல் தாளில் கலைவாணிக்கு அறுபத்தெட்டு வந்தது.

"எழுபத்தஞ்சைத் தாண்டினா சீட்டு நிச்சயம்" என்றார் சார்.

அந்த வார்த்தையை உதயகுமார் வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் அசைபோட்டார். மூன்றாம் நாள் தறியை விட்டு எழுந்தார்.

"இந்தச் சத்தத்துல அறுபத்தெட்டு எடுக்கிறாள்னா, சத்தமே இல்லாம இருந்தா எவ்ளோ எடுப்பா? இன்னா தேவகி, நான் சொல்றது சரிதானே?"

கலைவாணியின் அம்மா தேவகி வாய் திறப்பதற்குள் மனிதர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பத்து வீடும் ஏறி இறங்கினார். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை தறி நிற்க வேண்டும், பரீட்சை முடிகிற வரைக்கும், பிள்ளை படிக்கிறது. கெஞ்சினார், வாதாடினார். அடுத்த வீட்டுத் தினகரனோடு நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவன் வாசலிலும் போய் நின்றார். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. நம்ம சந்துப் பெண் அந்தப் பெரிய பள்ளிக்குப் போகிறாள் என்றால் நமக்கும் பெருமைதானே என்றார்கள். விட்ட இரண்டு மணி நேரத்தை விடியற்காலையில் எழுந்து நெய்து சரிக்கட்டினார்கள்.

ஐந்து மணி அடித்தது. பதினோரு தறியும் நின்றன. கலைவாணி புத்தகத்தைப் பிரித்தாள்.

அடேயப்பா, என்ன அமைதி! அவள் எச்சில் விழுங்குவது அவளுக்கே கேட்டது. மின்விசிறிக்கு ஒரு கிறீச்சு இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு வட்டிக் கணக்கைப் போட ஆரம்பித்தாள், பாதியில் எதை எதால் பெருக்கினோம் என்பது மறந்துபோனது. மறுபடி போட்டாள். மறுபடி மறந்தது.

அந்த வாரத் தாளில் அறுபத்தொன்று.

"இன்னும் எங்கியோ சத்தம் இருக்குது" என்றார் உதயகுமார். தேடிக் கண்டுபிடித்தார். குக்கர் விசில் அடிக்கக் கூடாது என்று தேவகியிடம் சொல்ல, அவள் முணுமுணுத்துக்கொண்டே பானையில் சோறு வடித்தாள். மினி வேனில் ஒலிபெருக்கி வைத்து வெங்காயம் விற்றுக்கொண்டு வருகிறவனைச் சந்து முனைக்கே ஓடிப்போய்த் தடுத்தார். எதிர் வீட்டுப் பட்டம்மாளின் செல்போன் அடித்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும். அதை ஐந்து மணிக்கு அணைத்து அரிசி டின்னுக்குள் போட்டு மூடச் சொன்னார். தினகரனுக்கு ஒருநாள் தும்மல் வந்து, துண்டை வாயில் திணித்துக்கொண்டு அடக்கியதில் கண்ணெல்லாம் சிவந்துவிட்டதாம், பாவம்.

அடுத்த வாரம் ஐம்பத்தாறு. அதற்கடுத்த வாரம் நாற்பத்தொன்பது.

கலைவாணிக்குக் காரணம் தெரியும். முதல் வாரமே தெரியும். ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது? தனக்காக ஒரு தெருவே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, உங்கள் உபகாரம்தான் எனக்கு உபத்திரவம் என்று எந்த வாயால் சொல்வது? இரண்டு தடவை அம்மாவிடம் ஆரம்பித்தாள். அம்மாவின் கண்ணுக்கடியில் விடியற்காலையில் எழுந்ததால் வந்த கறுப்பைப் பார்த்ததும் விழுங்கிவிட்டாள். இப்படியே போனால் எண்பது பேரில் தன் பேர் வராது, அந்த வெங்காயத் தோலை இனி ஒருநாளும் பார்க்க முடியாது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

பரீட்சைக்குப் பதினாறு நாள் இருந்தது. சாயங்காலம் ஐந்தரை. அப்பா வெங்காய வேனைத் தடுக்கப் போயிருந்தார். கலைவாணி புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து, செருப்புகூடப் போடாமல் எதிர் வீட்டுக்குப் போனாள்.

பட்டம்மாள் உறவில் பெரியம்மா முறை. தறியில்தான் இருந்தாள். கால் தறிக் குழிக்குள், கை மடியில். எதிரே ஒரு முகூர்த்தப் புடவை பாதியில் நின்றது.

"இன்னாடி, படிக்கலியா? உங்கப்பன் பாத்தா என்னைத்தான் கேப்பான்."

"நீங்க இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க பெரிம்மா?"

"இன்னா பண்றது? ஏழு ஆவட்டும்னு உக்காந்துக்கினு இருக்கேன். நீ பக்கம் திருப்பறது இங்க வரைக்கும் கேக்குது. இன்னிக்கி ரொம்ப நேரமாத் திருப்பவே இல்லியே. கஷ்டமான பாடமாம்மா?" என்று பரிவாகக் கேட்டாள்.

கலைவாணிக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அப்படியென்றால் இத்தனை நாளும் பதினோரு வீடும் அவள் பக்கம் திருப்புவதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது! அவள் தப்பாகப் போட்டு அழித்தது, பெருமூச்சு விட்டது, எல்லாம் எல்லாருக்கும் தெரியும்.

"பெரிம்மா, நீங்க நெய்யுங்க."

"ஏன்டி?"

"நெய்யுங்க பெரிம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போவும். சத்தம் இருந்தாத்தான் எனக்குக் கணக்கு வருது."

பட்டம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள். "அட கடவுளே, இதை முன்னியே சொல்லி இருக்கக் கூடாதா? என் கை ஒரு மாசமா அரிக்குதுடி!" என்று சொல்லிக்கொண்டே மிதித்துப் பலகையை ஓங்கி அடித்தாள். டக்!

அவ்வளவுதான், சந்து முனையிலிருந்து உதயகுமார் ஓடிவந்தார். "அண்ணி! இன்னா அண்ணி இது? புள்ளையோட படிப்புல மண்ணைப் போடறீங்களா?"

"உன் புள்ளையைக் கேளுப்பா" என்றாள் பட்டம்மாள், கையை நிறுத்தாமல்.

"நான்தான்பா நெய்யச் சொன்னேன்" என்றாள் கலைவாணி. அப்பாவிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "எல்லாரும் நான் படிக்கிறதையே கேட்டுக்கினு இருந்தா எனக்கு ஒண்ணுமே ஏறல. அவங்கவங்க வேலையை அவங்கவங்க பாத்தாத்தான் என் வேலை எனக்கு ஓடுது."

உதயகுமார் வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்தார். "பத்து வீடு ஏறி இறங்கினேனேமா. நாலு வருஷமாப் பேசாத தினகரன்கிட்ட கூடப் போய்..." என்று தலையில் கை வைத்துக்கொண்டார். கலைவாணிக்கு அழுகை அழுகையாக வந்தது. சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று ஒரு கணம் தோன்றியது. அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்போது பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து தினகரன் தலையை நீட்டினான். "அண்ணா, அப்ப நானும் ஆரம்பிக்கலாமா?"

உதயகுமார் நிமிர்ந்து பார்த்தார். என்ன நினைத்தாரோ, சிரித்துவிட்டார். "ஆரம்பிப்பா, ஆரம்பி. எல்லாரும் ஆரம்பிங்க" என்று கையை வீசினார். பத்து நிமிஷத்தில் சந்து பழையபடி இடிக்க ஆரம்பித்தது.

அந்தச் சனிக்கிழமை எழுபத்திரண்டு. அடுத்ததில் எழுபத்தேழு. தேவகி குக்கரைப் பரணிலிருந்து இறக்கினாள்.

மனிதர் சந்தோஷப்பட வேண்டுமா இல்லையா? அவருக்கு அடுத்த கவலை பிடித்துக்கொண்டது. "பரீட்சை ஹால்ல தறியா போட்டு வெப்பாங்க? அங்க ஊசி விழுந்தாக் கேக்குமே!" இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஊருக்கு வெளியே ஓரிக்கை மண்டபத்துப் பக்கம் அமைதியாக இருக்கும், தினமும் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கலாமா என்றுகூடக் கேட்டார்.

தேவகி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏங்க, அங்க இவளை யாரு பாத்துக்கினு இருக்கப் போறா? வந்த புள்ளைங்க எல்லாம் அததோட தாளைப் பாத்து எழுதிக்கினு இருக்கும். நீங்க வாசல்ல போய் நிக்காம இருந்தாலே போதும், இவ நல்லா எழுதுவா."

கலைவாணி சட்டென்று பிடித்துக்கொண்டாள். "ஆமாம்பா. நீ என்னை விட்டுட்டு வந்துடு. நின்னுக்கினு இருக்காதே. நீ வெளிய நிக்கிறேன்னு தெரிஞ்சா எனக்கு அதே நினைப்பாவே இருக்கும். நான் ஷேர் ஆட்டோல வந்துக்கிறேன். வந்த உடனே எப்படி எழுதினேன்னு கேக்கவும் கூடாது."

"கேக்கவே கூடாதா?"

"கூடாது. நீ பாட்டுக்கு நெய்துக்கினு இரு."

உதயகுமார் தலையை ஆட்டினார். அந்தத் தலை எவ்வளவு கஷ்டப்பட்டு ஆடியது என்பது தேவகிக்கு மட்டும் தெரியும்.

இடம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. ஐந்து வாரம் கழித்து வந்த பட்டியலில் இருபத்திரண்டாவது பேர் கலைவாணி. ஆனால் சொல்ல வேண்டியது அந்தப் பரீட்சை நாளைப் பற்றித்தான்.

அன்று காலை அப்பா வண்டியில் கொண்டுபோய் விட்டார். வாசலில் பெற்றோர் கூட்டம் திருவிழாவாக இருந்தது. ஒரு தாய் பிள்ளைக்கு இட்லி ஊட்டிக்கொண்டே பெருக்கல் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தாள். உதயகுமார் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, "வரேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அவள் இருந்த ஹாலில் மட்டும் அறுபது பிள்ளைகள். பேனா உரசியது, தாள் புரண்டது, யாரோ நாற்காலியை இழுத்தார்கள். கலைவாணி தலையைத் தூக்கி ஒரு தடவை பார்த்தாள். ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. அத்தனை பேருக்கும் அவரவர் பாடு. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. முதல் கேள்வியை எடுத்தாள். மணி அடித்தபோதுதான் நேரம் போனதே தெரிந்தது.

ஷேர் ஆட்டோவில் இறங்கிச் சந்துக்குள் நடந்தாள். எல்லா வீட்டிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. பட்டம்மாள் தறியை விட்டு எழுந்திருக்காமலே, "வெயில்ல நடந்தா வரே? போய்த் தண்ணி குடி" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. தினகரன் குனிந்த தலை நிமிரவில்லை. தன் வீட்டுத் தறியும் ஓடுவது கேட்டு, பரவாயில்லை, அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

அப்பா மிதித்து மிதித்துப் பலகையை அடித்துக்கொண்டிருந்தார். பனியனெல்லாம் வியர்வை.

"வந்துட்டியாமா? சாதம் இருக்குது, சாப்புடு. நான் வேலையா இருக்கேன்."

கலைவாணி புடவையைப் பார்த்தாள். காலையில் கிளம்பும்போது பாதி மயில் வந்திருந்தது. இப்போதும் பாதி மயில்தான். ஒரு இழைகூட ஏறவில்லை. ஊடை நூல் ஓட வேண்டிய நாடா தறியிலேயே இல்லை, ஜன்னல் மேல் கிடந்தது.

"உங்கப்பா உன் நினைப்பாவே உக்காந்துக்கினு நாலு தடவை நூலை அறுத்துட்டார்" என்றாள் தேவகி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "நீ வர்ற நேரம் ஆனதும் நாடாவை எடுத்து வெச்சிட்டு வெறுந்தறியை அடிச்சிக்கினு இருக்கார். கேட்டா, புள்ளைக்கு வாக்குக் குடுத்துட்டேங்கிறார்."

உதயகுமார் நிறுத்தவில்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டு அடித்தார்.

கலைவாணி தறியருகே வந்து அவர் தோளைத் தொட்டாள். "அப்பா, கேளுப்பா."

"நான் ஒண்ணும் கேக்கலியேமா. நீதானே கேக்கக் கூடாதுன்னு சொன்னே."

"இப்ப நான்தான் சொல்றேன். கேளு."

பலகையை விட்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். தொண்டையைச் செருமினார். எத்தனை கேள்வி எழுதினாய், எழுபத்தைந்து தாண்டுமா என்று கேட்கப்போகிறார் என்று அவள் விரலை மடக்கிக் கணக்கோடு தயாராக இருந்தாள்.

"அங்க தனியா... பயமா இருந்துச்சாமா?"

"இல்லப்பா. கொஞ்சம் கூட இல்ல."

"அப்பாடா" என்றார் உதயகுமார். "எனக்குத்தான்மா ரொம்பப் பயமா இருந்துச்சு."

கலைவாணி அவர் உட்கார்ந்திருந்த பலகையிலேயே பக்கத்தில் இடம் பண்ணி உட்கார்ந்து, முதல் கேள்வியிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.