அக்கா காட்டிய சைகை

தம்பிக்கு ஆமை என்று பெயர் வைத்தவள் அக்காதான். சின்ன வயதில் ஒரு தட்டுச் சாப்பாட்டை ஊர் உறங்கும்வரை உருட்டிக்கொண்டிருப்பான். குளிக்கப் போனால் தொட்டி காலியான பிறகுதான் வெளியே வருவான். அப்படிப்பட்டவன் வளர்ந்து, நேர்கோட்டில் நாலே விநாடியில் ஓடி முடிக்கிற பந்தயக் காருக்கு ஓட்டுநர் ஆனான். பெயர் மட்டும் மாறவில்லை. "இதோ வருகிறது ஆமை!" என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் கத்துவார். கூட்டம் சிரிக்கும். சிரித்து வாய் மூடுவதற்குள் அவன் மறுமுனையைத் தாண்டியிருப்பான்.

காரை ஓட்டியது தம்பி என்றால், ஓட வைத்தது அக்கா. நைட்ரோ எரிபொருளைக் குடிக்கும் அந்த எஞ்சினுக்கு ஆயுள் ஒரே ஓட்டம்தான். ஓடித் திரும்பியதும் கூடாரத்துக்குள் தள்ளி, சூடு ஆறுமுன்னே பிரித்துப் போட்டு, வெந்துபோன பாகங்களை வீசிவிட்டுப் புதியவற்றைப் பூட்டுவார்கள். அந்த வேலையைச் செய்ய ஆட்கள் இருந்தார்கள். கிளட்சை மட்டும் அக்கா வேறு யாரையும் தொட விடமாட்டாள்.

காரணம் இருந்தது. எஞ்சினின் பலத்தை எடுத்த எடுப்பில் முழுசாகச் சக்கரத்தில் கொட்டினால் டயர் சறுக்கிப் புகைந்துவிடும். பயந்து குறைத்துக் கொடுத்தாலோ, டயர் மடங்கி மடங்கி நிமிர்ந்து காரையே உலுக்கும். உள்ளே இருப்பவனின் பல் கிடுகிடுக்கும், பார்ப்பதெல்லாம் இரண்டு மூன்றாகத் தெரியும். ஆகவே கிளட்ச் தகடுகள் முதலில் லேசாகப் பிடித்து, கொஞ்சம் நழுவி, போகப் போக இறுகி, நடுவழியில் முழுசாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். எப்போது எவ்வளவு இறுக வேண்டும் என்பது வெயிலைப் பொறுத்தது, காற்றின் ஈரத்தைப் பொறுத்தது, தரையில் ஒட்டியிருக்கும் ரப்பரைப் பொறுத்தது. மேகம் ஒன்று குறுக்கே வந்தால் காலையில் போட்ட கணக்கு மதியம் பொய்யாகிவிடும். அக்கா தடத்தில் மண்டியிட்டு உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். வெப்பமானி சொன்ன பிறகும் வைத்துப் பார்ப்பாள்.

தம்பியின் மனைவிக்குப் பாராசூட் வேலை. முடிவுக் கோட்டைத் தாண்டிய காரைப் பிரேக்கால் மட்டும் அடக்க முடியாது. பின்னால் இரண்டு பாராசூட் விரிந்து இழுக்க வேண்டும். இழுக்கும்போது உடம்பை பெல்ட் தாங்கிக்கொள்ளும், தலையைக் கழுத்துப் பட்டை தாங்கிக்கொள்ளும். கண்ணுக்குள் இருப்பதைத் தாங்கத்தான் ஒன்றும் கிடையாது.

இறுதி ஓட்டத்துக்குத் தகுதி பெற்ற அன்று மதியம், அக்கா தகடுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது தம்பி மனைவி வந்து நின்றாள்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் மூச்சுவிடக் கூடாதுன்னு என் தலையில கை வெச்சு சத்தியம் வாங்கியிருக்கார்."

"அப்போ சொல்லாதே."

"சொல்லலைன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிடும் அண்ணி."

அக்கா கையிலிருந்த தகட்டைக் கீழே வைத்தாள்.

"இடது கண்ணுல ஓரமா கறுப்புத் துணி தொங்குற மாதிரி இருக்காம். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். உள்ளே விழித்திரை உரிஞ்சு வருதாம். வலது கண்ணும் பலவீனமா இருக்காம். உடனே ஆபரேஷன் பண்ணணும், இனி தலை குலுங்குற வேலையே ஆகாதுன்னுட்டார். இவர் சிரிச்சுட்டு எழுந்து வந்துட்டார்."

"இது தெரிஞ்சுமா காலையில பாராசூட் மடிச்சுக் குடுத்தே?"

"மடிக்காம விட்டா வண்டி நிக்காதே அண்ணி!" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தம்பி லாரியின் பின்படியில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அக்கா ஓசைப்படாமல் அவனுக்கு இடதுபுறம் போய், கையை நீட்டி விரல்களை ஆட்டினாள். அவன் மென்றுகொண்டே இருந்தான். இன்னும் கிட்டே கொண்டுபோனாள். திரும்பவில்லை.

"எத்தனை நாளா இப்படி?"

திடுக்கிட்டுத் திரும்பினான். "அவ உளறிட்டாளா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடா."

"அக்கா, இன்னும் ஒரே ஒரு ஓட்டம். ஃபைனலுக்கு நாம வர்றது இதுதான் முதல் தடவை. ஓடிட்டு நாளைக்கே போய்ப் படுத்துக்கறேன். அறுக்கட்டும், தைக்கட்டும், என்ன வேணா பண்ணட்டும்."

"அதுக்குள்ள கண்ணு போயிட்டா?"

"வளைவு இருக்கா, எதிர்ல வண்டிதான் வருதா? நேராப் போற பாதை. கண்ணை மூடிட்டே போயிடுவேன்."

அக்கா சிரிக்கவில்லை. "நான் அதிகாரிங்ககிட்ட சொல்லப்போறேன்."

அவன் ரொட்டியை வைத்துவிட்டான். "சொல்லு. டாக்டர் தடைன்னு ஒண்ணு விழுந்தா ஆயுசுக்கும் விழுந்ததுதான். அதைச் செஞ்சுட்டு அக்கான்னு என் வீட்டு வாசல்ல வந்து நிக்காதே."

அக்கா அதிகாரிகளின் அறைவரை போனாள். கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே யாரோ தேநீர்க் கோப்பையை வைக்கும் சத்தம் கேட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அவனுக்கு வேறு தொழில் தெரியாது. வேறு ஆசையும் கிடையாது. பிழைப்பை என் கையாலேயே பறிப்பதா என்று நினைத்து, வந்த வழியே திரும்பினாள்.

கிளட்சின் முன்னால் உட்கார்ந்து யோசித்தாள். இறுக்கிக் கட்டினால் டயர் சறுக்கும், அவன் தோற்பான். ஆனால் பிடிவாதக்காரன். காலை எடுத்து மறுபடி மிதிப்பான், கார் பக்கவாட்டில் போய்ச் சுவரில் மோதும். தளர்த்திக் கட்டினாலோ கார் உலுக்கும். அந்த உலுக்கலே கண்ணுக்கு எமன். எப்படிக் கெடுத்துக் கட்டினாலும் அவனுக்குத்தான் அடி. கடைசியில், என்றைக்கும் கட்டுவதைப் போல ஒழுங்காகவே கட்டினாள்.

ஓட்டத்துக்கு முன் டயரைச் சூடேற்ற, கார் புகை கக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் பாய்ந்து, பின்னோக்கி வரும். அப்போது அக்கா முன்னால் நின்று கையசைத்து அதன் தடத்துக்கே கொண்டுவருவாள். பிறகு பக்கவாட்டில் போய், குனிந்து எஞ்சினுக்கு அடியில் பார்ப்பாள். தன் காருக்கு அடியில் என்ன நடக்கிறதென்று ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. எண்ணெய் ஒழுகினால் அது டயரில் படும், தீப்பிடிக்கும். அக்கா கழுத்தின் குறுக்கே கையை இழுத்தால் எஞ்சினை அணைத்துவிட வேண்டும். ஏன், எதற்கு என்ற பேச்சே இல்லை. அந்தக் கையை நம்பித்தான் அவன் இத்தனை வருடம் உயிரோடு வீடு திரும்பினான்.

அன்று அக்கா குனிந்து பார்த்தாள். ஒரு சொட்டுக்கூட இல்லை. நிமிர்ந்தாள். கழுத்தின் குறுக்கே கையை இழுத்தாள்.

தம்பி உடனே அணைத்தான். இரண்டு தடத்திலும் காதைப் பிளந்துகொண்டிருந்த சத்தத்தில் பாதி நின்றுபோனது. பக்கத்துத் தடத்துக்காரன் தனியாக ஓடிக் கோப்பையை வென்றான்.

தம்பி இறங்கி, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் தரையில் மண்டியிட்டு, எஞ்சினுக்கு அடியில் தடவிப் பார்த்தான். உள்ளங்கையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

"எங்கே அக்கா?"

வேலையாட்களும் குனிந்து பார்த்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சுவத்துல மோதிச் செத்திருந்தாக்கூட பரவாயில்லை," என்றான் தம்பி. "அந்தக் கையைப் போய் பொய்யாக்கிட்டியே."

அவன் ஆபரேஷனுக்குப் போகவில்லை. வேறொரு அணியில் ஓட்டுநர் கை முறிந்து கிடந்தார். அவருடைய இடத்துக்குப் போனான். மனைவி பாராசூட்டைத் தொடமாட்டேன் என்றாள். அங்கே மடித்துக் கொடுக்க வேறு ஆள் இருந்தார்.

அடுத்த பந்தயத்தன்று காலை அக்கா, போன முறை திரும்பி வந்த அதே கதவைத் தட்டி, தம்பியை ஓட விடாதீர்கள் என்றாள். தலைமை அதிகாரி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"அவர் இப்போ உங்க அணியில இல்லையே?"

"இல்லைங்க. ஆனா எனக்குத் தம்பிங்க. கண்ணு சரியில்லை. சத்தியமாச் சொல்றேன்."

"போன தடவை எண்ணெய் ஒழுகுதுன்னு சொன்னதும் நீங்கதானேம்மா?"

அதிகாரி மேசையிலிருந்த கோப்பு ஒன்றைப் பிரித்தார்.

"அவர் வருஷாந்திரப் பரிசோதனையில தேறியிருக்கார். திங்கட்கிழமை கூப்பிட்டு விசாரிக்கறோம். அணி மாறிட்டார்ங்கற கோபத்துல நீங்க..." என்று அவர் பாதியில் நிறுத்தினார். மீதியை முடிக்காமல் விட்டதே அவர் காட்டிய மரியாதை.

அக்கா அந்த அணியின் கூடாரத்துக்கு ஓடினாள். அங்கே கிளட்ச் கட்டுபவர் அவளைக் கண்டதும் கையிலிருந்த தகடுகளைத் துணியால் மூடினார். வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்தார். "எதுவானாலும் ஓடி முடிச்ச பிறகு பேசிக்கலாம்" என்று சொல்லிக் கூடாரத் திரையை இழுத்துவிட்டார்.

அக்கா தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பச்சை விளக்கு விழுந்ததும் கார் பாய்ந்தது. பாய்ந்த வேகத்திலேயே உலுக்க ஆரம்பித்தது. தளர்த்திக் கட்டியிருக்கிறார் என்று அவளுக்குக் கண நேரத்தில் புரிந்துவிட்டது. 'காலை எடுடா, காலை எடு' என்று முணுமுணுத்தாள். அவன் எடுக்கவில்லை. உலுக்கல் அடங்கி, கார் நேராகிக் கோட்டைத் தாண்டியது. வென்றும்விட்டான். பாராசூட் இரண்டும் அழகாக விரிந்தன.

கார் மெல்ல மெல்ல வேகம் குறைந்து, வளைய வேண்டிய இடத்தில் வளையாமல் மணலில் புதைந்து நின்றது. ஓடிப்போனவர்கள் பெல்ட்டைக் கழற்றினார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி, "கண்ணாடிமேல என்ன அப்பியிருக்கு? தொடைச்சு விடுங்க," என்று கேட்டானாம். தலைக்கவசக் கண்ணாடியில் எதுவும் இல்லை.

ஆபரேஷன் முடிந்ததும், விழித்திரை ஒட்டிக்கொள்வதற்காகக் கண்ணுக்குள் வாயுவை நிரப்பி, குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். நாள் முழுக்க முகம் தரையைப் பார்த்தபடிதான் கிடக்க வேண்டும். கட்டிலின் தலைமாட்டில் முகத்துக்காக ஒரு வளையம் இருந்தது. அக்கா கட்டிலுக்குக் கீழே, அந்த வளையத்துக்கு நேர் கீழே, தரையில் வந்து உட்கார்ந்தாள். அங்கேயிருந்து பார்த்தால்தான் அவன் முகம் தெரிந்தது. இரண்டு கண்ணிலும் கட்டு.

அவனே முதலில் பேசினான். "அக்காதானே?"

"ம்."

"அந்த ஆளுக்குக் கிளட்ச் கட்டத் தெரியலை."

"பார்த்தேன். தகடு ஆரம்பத்துலயே பிடிச்சிருக்கணும்."

"நீ கட்டியிருந்தா உலுக்கியிருக்காது."

வராந்தாவில் தள்ளுவண்டி ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டு போனது.

"நீ அன்னைக்கே அதிகாரிகிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா என்னை மன்னிச்சிருப்பியா?"

"மாட்டேன். உன் மூஞ்சியைப் பார்த்தாலே எரிஞ்சு விழுந்திருப்பேன். பார்த்திருப்பேன் இல்லே?"

மருந்து விட வந்த நர்ஸ், தரையில் உட்காரக் கூடாது என்று அக்காவை எழுப்பினாள்.

இடது கண் திரும்பவில்லை. வலது கண்ணில் வெளிச்சமும், அசைகிற உருவங்களும் தெரிகின்றன. வாசலில் யாராவது வந்து நின்றால் யாரென்று கேட்கிறான். அக்கா என்றால் உள்ளே வரச் சொல்கிறான், பிறகு பேச்சை வளர்ப்பதில்லை. அவன் மனைவி துணி தைக்கும் ஆலைக்குப் போகிறாள். அக்காவை எந்த அணியும் கூப்பிடவில்லை. பேருந்துப் பணிமனையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அங்கே ஒரு கிளட்சை மாட்டினால் வருடக்கணக்கில் யாரும் திறந்து பார்ப்பதில்லை.