பால்கனியிலிருந்து கிளைமாக்ஸ்

"பெண்ணே பிரபஞ்சத்தின் ஆதி சக்தி, அவளை அடைத்து வைக்கும் மதில் இன்னும் கட்டப்படவில்லை" என்று எழுதிவிட்டு, சந்திரமௌலி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தச் சக்திகளில் ஒருத்தியான அவருடைய மருமகள் சாதனா, மாதாந்திரத் தீட்டு என்று இரண்டு நாளாகப் பால்கனியில் இருந்தாள். மாதுங்காவில் ஜூலை மழை சாரலடித்துக்கொண்டிருந்தது. தீட்டுப் பட்டால் வாடிவிடும் என்று துளசித் தொட்டிக்கு மட்டும் ஹாலில் இடம் கொடுத்திருந்தார்கள்.

ஆறு மணிக்குத் தமிழ்ச் சங்கத்தில் மகளிர் முன்னேற்றத் திரைப்பட மதிப்பீட்டுக் குழு கூடுகிறது. ஏழு நடுவர்கள், ஏழு பேரும் ரிடையர்டு ஆண்கள். தலைவர் சந்திரமௌலி; மதிப்புரை வாசிக்க வேண்டியதும் அவர்தான். படம், லோக்கல் டிரெயினை ஒற்றைக் கையால் தூக்குகிற ஒருத்தியைப் பற்றியது. சனிக்கிழமை செம்பூரில் எல்லோரும் சேர்ந்து பார்த்தார்கள், சாதனாவும் போயிருந்தாள். தியேட்டரில் ஏசி சுகமாக இருந்தது. இடைவேளைக்குப் பிறகு நடந்த எதுவும் சந்திரமௌலிக்கு நினைவில்லை.

சாதனா இரண்டாம் பாதியை எழுதிக் கொடுத்துத்தான் இருந்தாள். அவள் தொட்ட தாளாயிற்றே என்று மாமியார் விஜயலக்ஷ்மி அதன்மேல் தாராளமாக ஜலம் தெளித்தாள். தீட்டு போயிற்று. எழுத்தும் போயிற்று.

"நாழியாறதும்மா. கிளைமாக்ஸ் என்னன்னு வாயால சொல்லேன்" என்றார் சந்திரமௌலி, கண்ணாடிக் கதவை ஒரு சாண் திறந்து.

"தள்ளி நில்லுங்கோ! மேல பட்டா மறுபடி குளிக்கணும், பைப்புல ஜலம் நின்னாச்சு!" அடுக்களையிலிருந்து விஜயலக்ஷ்மி கத்தினாள்.

சாதனா நனைந்த பாயின் ஓரத்தை மடக்கிவிட்டு யோசித்தாள்.

"ஊரே வெள்ளத்துல முழுகறதுப்பா. அணைக்கதவை மூட அவ ஒருத்தியாலதான் முடியும். ஆனா அன்னிக்கு அவளுக்கு ரெண்டாவது நாள்."

"அடடா."

"ஊர்ப் பெரியவாள்லாம் அவளை வெளில நிறுத்தி ஊர் கேட்டைப் பூட்டிட்டா. மூணு நாள் முடிஞ்சப்பறம் வந்து காப்பாத்துங்கறா. அதுக்குள்ள ஜலம் அவா கழுத்து வரைக்கும் வந்துடறது."

"மடப்பசங்க! என்ன அநியாயம்!" சந்திரமௌலியின் பேனா பறந்தது. "அப்பறம்?"

"மழைச் சத்தத்துல கத்திக் கத்தித் தொண்டை வலிக்கறதுப்பா. உள்ள வந்து சொல்றேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து இருபது. அடுக்களைப் பக்கம் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"விஜயா, இது சங்கக் காரியம்" என்று அறிவித்துவிட்டு, கதவை முழுக்கத் திறந்தார்.

சாதனா சோபாவின் நட்டநடுவில் உட்கார்ந்தாள். விஜயலக்ஷ்மி துளசித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு பெட்ரூமுக்குள் ஓடினாள்.

"சொல்லு, கடைசில?"

"முதல்ல சூடா ஒரு காபி. பேப்பர் கப்புல வேண்டாம். எல்லாரும் குடிக்கற டம்ளர்ல."

சந்திரமௌலியே கலந்து கொண்டுவந்தார். அவள் நிதானமாகக் குடித்து முடித்தாள்.

"கடைசில பெரியவாளே கேட்டைத் திறந்து விட்டுடறா. அவ உள்ள வந்துடறா. அவ்வளவுதான்ப்பா. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை."

சங்கத்தில் ஏழு நடுவர்களும் அந்த ஊர்ப் பெரியவர்களை ஒருமனதாகக் கண்டித்துத் தீர்மானம் போட்டார்கள். "அந்த இடத்துல எனக்குக் கண் கலங்கிடுத்து" என்றார் பொருளாளர் சாய்நாத். கிளைமாக்ஸுக்கு மட்டும் பத்துக்கு ஒன்பதரை. அன்று சாதனா பால்கனிக்குத் திரும்பவில்லை.

படத்தில் அப்படியொரு காட்சி கிடையாது.