புகழேந்தியின் பதினைந்து நாள் பொறுமை

புகழேந்தி கத்துவார் என்பது ஆம்பூரில் ஒரு செய்தியே அல்ல. பைபாஸ் ரோட்டு ஷூ கம்பெனியில் மூன்றாம் லைனுக்கு அவர்தான் சூப்பர்வைசர். ஐம்பத்திரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பார்கள். அத்தனை மெஷின் சத்தத்தையும் மீறி அவர் குரல் கேண்டீன் வரை போகும். அதைக் கேட்டுத்தான் கேண்டீனில் டீக்குத் தண்ணீர் வைப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அது கொஞ்சம் மிகைதான், ரொம்ப இல்லை.

அப்பேர்ப்பட்ட வாய்க்கு ஒரு கடுதாசி பூட்டுப் போட்டுவிட்டது. புகார்ப் பெட்டியில் கிடந்தது, பெயரில்லாமல். 'மூணாவது லைன் சார் கத்துறதால வேலைக்கு வரவே பிடிக்கல.' அவ்வளவுதான். எச்.ஆர். ரஃபத் ஜஹான் மேடம் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ கொடுத்து, இனிக்க இனிக்கப் பேசினார்.

"நம்ம ஷூ வாங்குற வெளிநாட்டு பையருங்க இதெல்லாம் கேக்குறாங்க சார். பதினஞ்சு நாள் பாக்கலாம். அதுக்குள்ள இன்னொரு லெட்டர் வந்துச்சுன்னா உங்கள லெதர் குடோனுக்குத்தான் மாத்தணும்."

குடோனில் தோல் கட்டுகளும் ஒரு பூனையும்தான் உண்டு. கத்தினாலும் கேட்க ஆளில்லை. மெஷின் துடைக்கிற ஆளாகச் சேர்ந்து இருபத்தோரு வருடத்தில் ஒரு லைனைக் கைக்குள் வாங்கிய மனிதர் அவர். அதை விட்டுவிட்டுப் பூனையோடு உட்காருவதா? அதைவிட, எழுதினவள் எவள் என்ற கேள்வி. சோறு இறங்காமல் செய்தது அதுதான்.

அந்தச் சனிக்கிழமை சூப்பர்வைசர்களுக்கெல்லாம் ஒரு வகுப்பு வைத்தார்கள். வேலூரிலிருந்து ஹெலன் என்ற மனநல ஆலோசகர் வந்திருந்தார்.

"கோவத்த உள்ள போட்டு அமுக்காதீங்க, அடுத்தவங்க மேல கொட்டவும் வேணாம். ஒடம்புல எந்த எடத்துல இருக்குதுன்னு பாருங்க. அங்க வெரல வெச்சு, இது இன்னதுன்னு பேர் சொல்லுங்க. பேர் சொல்லிட்டாலே கொஞ்சம் அடங்கும். அப்புறம் பத்து எண்ணி மூச்ச மெதுவா வெளிய விடுங்க."

மற்ற சூப்பர்வைசர்கள் சமோசாவில் கவனமாக இருந்தார்கள். புகழேந்தி மட்டும் எழுதிக்கொண்டார். அட, இது நம்ம செக்கிங் வேலையாச்சே என்று அவருக்குப் பட்டது. தோலில் சுருக்கமோ, தையல் தவறியதோ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் சின்னதாக ஓர் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி, கோளாறின் பெயரை எழுதுவது லைனில் வழக்கம். மனுஷனுக்கும் அதேதான் போலிருக்கிறது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு முதல் ஸ்டிக்கரை எடுத்துத் தன் சட்டையில், நெஞ்சுக்கு நேராக ஒட்டிக்கொண்டார். பால்பாயின்ட் பேனாவால் 'கோபம்' என்று எழுதினார். மத்தியானத்துக்குள் ஆறு ஆகிவிட்டது. தோளில் ஒன்று, காலரில் ஒன்று, நெற்றியில்கூட ஒன்று.

வெட்டிய தோல் கட்டுகளை லைனுக்குப் பிரித்துக் கொடுக்கிற அம்பிகாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"இன்னா சார் இது, உங்களயே ரிஜெக்ட் பண்ணிட்டீங்களா?"

"ட்ரெய்னிங்ம்மா. போய் வேலையப் பாரு."

"ரீவொர்க் பண்ணா சரியாய்டுமா சார்?"

அதற்கு ஏழாவது ஸ்டிக்கர் போனது.

வீட்டில் துணி ஊறவைக்கும்போது அவர் மனைவி ஒவ்வொன்றாக உரித்துப் படித்தாள். முதுகில் ஒட்டியிருந்ததில் 'பரவால்ல' என்று இருந்தது. அது அவர் கையெழுத்தில்லை. மேடம் காட்டிய கடுதாசியின் எழுத்தோடு அதை மனதுக்குள் வைத்துப் பார்த்தார் புகழேந்தி. ஒத்துவரவில்லை. பெருமூச்சு விட்டு, அதையும் பத்து வரை எண்ணினார்.

இப்படியே பதினொரு நாள் ஓடிவிட்டது. பன்னிரண்டாம் நாள் காலையில் ஒரு மெஷின் மக்கர் பண்ணி, மெக்கானிக் இதோ வர்றேன் அதோ வர்றேன் என்று அரை மணி நேரம் இழுத்தடித்தான். புகழேந்தி சுவரைப் பார்த்து நின்று, கண்ணை மூடி மூச்சு விட ஆரம்பித்தார். அப்போது பார்த்து அம்பிகா ஒரு தட்டோடு வந்து நின்றாள்.

"சார், இந்த ரெண்டு கட்டும்..."

கையை உயர்த்திக் காட்டினார். இப்போதுதான் ஆறு வரை வந்திருந்தார்.

"இல்ல சார், ரெண்டுமே..."

"சரிம்மா, சரி. போடு லைன்ல." எவ்வளவு சாந்தமாகச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கே பெருமையாக இருந்தது.

பதினொரு மணிக்கு ஜோடி சேர்க்கிற மேசையில் வண்டவாளம் வெளிவந்தது. முப்பத்தாறு ஜோடி இருக்க வேண்டிய அந்த லாட்டில் எழுபத்திரண்டும் இடது கால். வலது கால் ஒன்றுகூட இல்லை. தோல் வெட்டுகிற கட்டிங் பிரிவிலிருந்து இடது கட்டே இரண்டு முறை வந்திருக்கிறது, அதைத்தான் அம்பிகா சொல்ல வந்திருக்கிறாள். நாலு மணிக்கு அந்த லாட் அடுத்த ஷெட்டுக்குப் போயாக வேண்டும்.

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஐம்பத்திரண்டு தலைகளும் குனிந்துகொண்டன. எவ அது என்ற சொல் புகழேந்தியின் பல் வரைக்கும் வந்துவிட்டது. கை தன்னால் பாக்கெட்டுக்குப் போய் ஒரு ஸ்டிக்கரை எடுத்தது. நெஞ்சில் தேடினார், அங்கே எதுவும் இல்லை. நெற்றியில் இல்லை. கீழே, அடிவயிற்றில் இருந்தது, சில்லென்று. கோபம் என்று அதற்குப் பெயர் எழுத வரவில்லை. பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு பயமா இருக்கும்மா," என்றார்.

இருபத்தோரு வருடத்தில் அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

"தப்பு என்னுதுதான். அம்பிகா சொல்ல வந்துச்சு. நாந்தான் மூச்சு வுட்டுக்கினு நின்னேன்."

கேலி பண்ண அதைவிட நல்ல சந்தர்ப்பம் அமையாது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. கட்டிங்குக்கு அவரே ஓடினார். அதே நிறத்தில் தோல் தேடி, முப்பத்தாறு வலது கால் வெட்டி வாங்கிவந்தார். பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் பாதியை விட்டுக்கொடுத்தார்கள். மூன்றரைக்கெல்லாம் தையல் முடிந்து, பிசிறு நூல் வெட்டுவதுதான் பாக்கி. புகழேந்தியும் ஒரு கத்தரியை எடுத்துக்கொண்டு அம்பிகா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்த பயம் எங்க சார் இருந்துச்சு?" என்று கேட்டாள் அம்பிகா.

"வயித்துல. யாரோ உள்ள கைய வுட்டுப் புடிச்ச மாதிரி."

"கை வேர்த்துச்சா?"

"ம்."

"அந்த நேரத்துல நூல் கோக்க சொன்னா ஊசி காதே தெரியாது, இல்ல சார்?"

"உனக்கு எப்டிம்மா தெரியும்?"

அம்பிகா கையிலிருந்த வேலையை நிறுத்தவில்லை.

"ஒம்போது வருஷமா தெரியும் சார். உங்க சத்தம் கேட்டா அங்கதான் புடிக்கும். எனக்கு மட்டும் இல்ல, இங்க எல்லாருக்கும்."

புகழேந்தியின் கத்தரி நின்றுவிட்டது. அவமானமாக இருந்தது. அதற்குப் பெயர் தேட வேண்டியிருக்கவில்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னோமே சார். எல்லாரும் ஒக்காந்து பேசித்தான் அந்த லெட்டர எழுதி பொட்டியில போட்டோம்."

அவர் நிமிர்ந்து வரிசையைப் பார்த்தார். இந்த முறை யாரும் தலையைக் குனியவில்லை. பன்னிரண்டு நாளாக இவர்களில் ஒருத்தியைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணு போடுவீங்களா?" என்று கேட்டார்.

அம்பிகா சும்மா சமாதானம் சொல்லிவிடவில்லை. நிஜமாகவே யோசித்தாள்.

"இன்னைக்கி போட மாட்டோம் சார்," என்றாள். "நாளைக்கி எப்டியோ, அது உங்க கையிலதான் இருக்குது."